ஐந்து டன்

அப்பா பாலத்துக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்தார். இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை மேலே கைப்பிடிக் கம்பியில் இருந்தது. கீழே ஆறு பழுப்பாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பாலத்தின் துண்டுகளைக் கோத்திருக்கும் ஒவ்வொரு இரும்புப் பின்னையும் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவார், தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்பார், பிறகு "அடுத்தது" என்பார். மேலே நிற்கும் சின்னவள் நோட்டில் ஒரு கோடு போடுவாள். நல்ல பின் கணீரென்று சொல்லும். தேய்ந்த பின் ஜலதோஷம் பிடித்தவன் பேசுகிற மாதிரி முனகும். இந்தப் பாலத்தில் முனகுகிற பின் ஒன்றுகூடக் கிடையாது. முனக ஆரம்பித்த அன்றே அப்பா அதைக் கழற்றி வேறு போட்டுவிடுவார்.

"நாப்பத்தி மூணு முடிஞ்சுதுங்க மேடம்."

வீட்டில் அவர் அவளைச் சின்னவளே என்றுதான் கூப்பிடுவார். வேலையிடத்தில் மேடம். நெடுஞ்சாலைத் துறையில் அவர் முப்பத்தொரு வருஷமாக சாலைப் பணியாளர். அதே துறையில், அதே பிரிவில், அவருக்கு மேலே உதவிப் பொறியாளராக அவருடைய மகளே வந்து உட்கார்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. முதல் நாள் அவர் எழுந்து நின்று வணக்கம் சொன்னபோது அவளுக்குக் காது மடல் வரை சூடேறிவிட்டது. கூட வேலை செய்கிறவர்கள் சும்மா விடுவார்களா. "பெத்த பொண்ணுக்கே எந்திரிச்சு நிக்கிற ஆளை இப்பத்தான்யா பாக்கறேன்" என்றான் ஒருவன். "நான் நாற்காலிக்கு எந்திரிச்சேன். உன் வீட்டுலேருந்து ஒண்ணு படிச்சு வந்தா நீயும் எந்திரி, யாரு வேணாங்கறா" என்றார் அப்பா. அதோடு பேச்சு முடிந்தது.

இரும்புப் பாலம் அது. துண்டு துண்டான பேனல்களைக் கோத்து, பின்களைச் செருகி, ஒன்றரை நாளில் மாட்டிவிடலாம், வேண்டாமென்றால் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போகலாம். ராணுவத்தின் சொத்து. பன்னிரண்டரை வருஷத்துக்கு முன்னால் வெள்ளத்தில் பழைய பாலம் போனது. ஒன்றரை வருஷம் கழித்து ராணுவம் வந்து இதை மாட்டியது. இரண்டு முனையிலும் 'தற்காலிகம்' என்று பலகை வைத்தார்கள். அந்தப் பலகைக்கு இதுவரை மூன்று முறை புது வர்ணம் அடித்தாயிற்று. கான்கிரீட் பாலத்துக்கு மண் பரிசோதனை மட்டும் நான்கு தடவை நடந்துவிட்டது. தோண்டிய குழிகளை மூடக்கூட யாரும் வரவில்லை. மழைக்காலத்தில் அவற்றில் தவளைகள் குடியிருக்கும்.

போன வாரம் கோட்டப் பொறியாளர் சின்னவளைக் கூப்பிட்டு, "பாலம் விஷயமா மேலேருந்து ஆள் வர்றாங்க. சுத்தமா வச்சுக்கோங்க" என்றார். அவருக்கு அலுவலகத்தில் 'நாளைக்கு சார்' என்று பெயர். எதைக் கேட்டாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்பார். அப்படிப்பட்டவரே வாயைத் திறந்து பாலம் என்கிறாரென்றால், புதுப் பாலம் வரப்போகிறது என்றுதானே யாருக்கும் தோன்றும். அவளுக்கும் தோன்றியது. அப்பாவுக்கு அதற்கு மேல். ஆறு நாளாக அவர் பாலத்தைவிட்டு இறங்கவில்லை. ஒவ்வொரு கிளாம்பையும் கழற்றி, மண்ணெண்ணெயில் துடைத்து, கிரீஸ் போட்டு மாட்டினார். குறுக்குக் கம்பிகளைத் தேய்த்த தேய்ப்பில் அவருடைய கைரேகையே பாதி போயிருக்கும்.

செவ்வாய்க்கிழமை ஜீப் பத்து மணிக்கு வந்தது. ராணுவப் பொறியியல் பிரிவுக் கேப்டன் இறங்கினான். முப்பது வயதுகூட இருக்காது. தொப்பியைக் கழற்றி இருக்கையில் வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு நேராகப் பாலத்தின் வயிற்றுக்குள் இறங்கிவிட்டான். சும்மா மேலே நடந்து பார்த்துவிட்டுப் போகிற ஆளில்லை என்று தெரிந்ததும் அப்பாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. "இதைத் தட்டிப் பாருங்க. இதை. இந்த ஓரத்துல தண்ணி தங்கும், அதனால இங்க மட்டும் மாசம் ரெண்டு தடவை கிரீஸ் வைப்பேன்." கேப்டன் தட்டினான். கணீரென்றது. அடுத்தது. கணீர். பாலத்தின் நீளம் முழுக்க இரண்டு பேரும் தட்டிக்கொண்டே போனார்கள்.

"எத்தனை வருஷமா நீங்க பாத்துக்கறீங்க?"

"வந்த நாள்லேருந்து நான்தாங்க."

"நான் இதோட ஏழு பாலம் பாத்துட்டேன்" என்றான் கேப்டன். "மத்த ஆறு பாலமும் துருப்பிடிச்சுக் கெடக்கு. ஒண்ணுல கிளாம்பே இல்ல, கம்பி வச்சுக் கட்டியிருக்காங்க. இது டிப்போவுலேருந்து இப்பத்தான் வந்த மாதிரி இருக்கு." பிறகு அவன் கையை நீட்டினான். அப்பா தன் கையைக் கால்சட்டையில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டு, அப்படியும் கிரீஸ் இருந்த கையைக் கொடுத்தார்.

"புதுப் பாலம் எந்தப் பக்கமாங்க வரும்? மேல்பக்கமா, கீழ்ப்பக்கமா?"

கேப்டன் சின்னவளைப் பார்த்தான். "உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

ஜீப்பிலிருந்து ஒரு உறையை எடுத்து அவளிடம் கொடுத்தான். அவள் நின்ற இடத்திலேயே பிரித்துப் படித்தாள். பாலம் திரும்பப் பெறப்படுகிறது. கடல் தாண்டி நடக்கும் போரில் நம் படைகளின் கனரக வாகனங்கள் ஆற்றைக் கடக்க ஏற்ற நிலையில் உள்ள பாலங்கள் தேவைப்படுகின்றன. தகுதிச் சான்றை வெள்ளிக்கிழமைக்குள் தரவும். அவ்வளவுதான். இந்தப் பாலத்தின்மேல் நடக்கிற ஒரு மனுஷரைப் பற்றியும் அதில் ஒரு வரி இல்லை.

"அங்க ஏற்கெனவே பாலம் இருந்திருக்குமே?" என்று கேட்டாள்.

"இருந்துச்சு."

"என்ன ஆச்சு?"

அவன் ஆற்றைப் பார்த்தான். "போன மாசம் நம்ம விமானம்தான் போட்டு ஒடச்சுது. இப்ப நம்ம வண்டியே அந்தப் பக்கம் போகணும்." சொல்லியிருக்கக் கூடாது என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டான். "வெள்ளிக்கிழமை காலைல வர்றேன் மேடம். சான்றைப் பாத்து, இன்னொரு தடவை நானும் பாத்துட்டுத்தான் மேல எழுதணும்."

ஜீப் போனதும் அப்பா கேட்டார்: "என்னங்க மேடம் எழுதியிருக்கு?"

"அப்புறம் சொல்றேம்பா" என்றாள். வேலையிடத்தில் அவள் அவரை அப்பா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அப்பா அதைக் கவனித்தார். கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார்.

நாளைக்கு சாரின் அறைக்கு வெளியே சுவரில் ஒரு டிவி உண்டு. காத்திருப்பவர்களுக்காக வைத்தது. அதில் நாட்டின் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். நண்பனுக்கு ஒரு ஆபத்து என்றால் நாம் கை கட்டி நிற்கமாட்டோம் என்றார். கூட்டம் கொடிகளை ஆட்டியது. டிவிக்கு நேர் கீழே, கூரை ஒழுகுகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது. போன மழையிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது. இந்தக் கட்டடத்தில் ஒழுகலை அடைக்க ஆள் கிடையாது, வாளியை மாற்றி வைக்க மட்டும் ஆள் உண்டு.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"தெரிஞ்சா என்ன செய்யச் சொல்றே? எனக்குப் பாலமா சொந்தம்?"

"அப்ப பாலத்துல போற ஜனம்?"

"படகு விடுவாங்க. சுத்துவழி இருக்கு."

"சுத்துவழி நாப்பத்தி ரெண்டு கிலோமீட்டர் சார். புதுப் பாலத்து ஃபைல் என்ன ஆச்சு?"

அவர் அலமாரியைத் திறக்காமலே சொன்னார்: "முன்னுரிமை மாத்தியிருக்காங்க. போர் முடியட்டும்னு எழுதி வந்திருக்கு."

"எந்தப் போர் சார்? இது முடிஞ்சா இன்னொண்ணு வரும். பதினோரு வருஷத்துல மூணு பாத்துட்டோம். ஒவ்வொண்ணுக்கும் ஆள் அனுப்ப இருந்துச்சு, கப்பல் அனுப்ப இருந்துச்சு. இங்க நாலு தூண் நட இல்ல. அங்க ஒடைக்கறதுக்கும் நாம, ஒட்டறதுக்கும் நாம. நடுவுல நம்ம பாலத்தைக் கழட்டி எடுத்துட்டுப் போவாங்க, நாம கைதட்டணுமா?"

"சத்தம் போடாதம்மா. வெளிய ஆள் இருக்கு."

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். பயந்தவர்களிடம் கோபப்படுவது அவளுக்குப் பிடிக்காத வேலை, ஆனால் இந்த அலுவலகத்தில் வேறு யாரிடம் கோபப்பட முடியும். அவர் சான்றுப் படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். மூன்று கட்டம் இருந்தது. முதல் கட்டம், தகுதியுள்ளது. அதில் குறியிட்டால் பாலம் கப்பலேறும். இரண்டாவது, தகுதியற்றது. அதில் குறியிட்டால், தகுதியில்லாத பாலத்தில் ஆள் நடக்கக் கூடாது என்பது சட்டம், அன்றைக்கே மூடிச் சங்கிலி போட வேண்டும். எப்படிப் போட்டாலும் பாலம் போய்விடும். மூன்றாவது கட்டத்தை அவர் விரலால் தொடவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார்.

"பளுக் குறைப்புன்னு ஒண்ணு இருக்கு. ஐந்து டன்னுக்கு மேல போகக் கூடாதுன்னு. ராணுவத்துக்கு அது ஆகாது, அவங்க வண்டி ஒவ்வொண்ணும் இருபது டன். விட்டுட்டுப் போயிடுவாங்க. பஸ் போக முடியாது, ஆனா ஆள் நடக்கலாம், ஆம்புலன்ஸ் போகலாம். காரணம் எழுதணும். பராமரிப்புல குறைன்னு எழுதினா, பராமரிக்கிற பணியாளரோட ஒப்புதல் கையெழுத்து வேணும். பணிப்பதிவேட்டுல ஏறும்." நிறுத்தினார். "நான் எதுவும் சொல்லலை."

சின்னவள் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது அக்கா வந்திருந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து அப்பா கதை சொல்லிக்கொண்டிருந்தார். எப்படிக் கேப்டன் கை கொடுத்தான், எந்தக் கை, எவ்வளவு நேரம் பிடித்துக் குலுக்கினான். அக்காவின் மகள், பத்து வயது, அதை இரண்டாம் தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எட்டாவது முடித்ததும் அவள் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர வேண்டும், ஊரில் எட்டாவது வரைதான் உண்டு.

சின்னவள் நின்றபடியே சொல்லிவிட்டாள். சுற்றி வளைத்துச் சொல்ல அவளுக்கு வராது.

முதலில் பேசியது அக்காதான். "நல்லா தேச்சுத் தேச்சு வச்சீங்களே, அவனுங்க தட்டுல வச்சு எடுத்துட்டுப் போறதுக்கா?"

"சும்மா இருக்கா" என்றாள் சின்னவள்.

"நான் ஏன்டி சும்மா இருக்கணும்? சும்மா இருந்து இருந்துதான் நான் பேக்கிங் ஷெட்டுல பெட்டி ஒட்டிட்டிருக்கேன்." அக்கா மகளை உள்ளே போகச் சொன்னாள். அது போகவில்லை. "பழைய பாலம் போனப்புறம் விட்ட படகு கவுந்தப்ப நான் கரையில நின்னேன். அடுத்த நடையில நான் ஏறியிருக்கணும். என் கிளாசுல ரெண்டு பேரு தண்ணியோட போனாங்க. மறுநாளே ஊருல ஒரு பொண்ணையும் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் அனுப்பலை. ஒன்றரை வருஷம் கழிச்சுப் பாலம் வந்தப்ப எனக்குக் கல்யாணமாகி இது வயித்துல இருந்துச்சு. நீ அப்ப எட்டாவது, அதனால தப்பிச்சே. நான் உன்மேல பொறாமைப்படலை, சொல்றேன். ஆனா நான் நின்ன எடத்துல என் பொண்ணு நிக்கறதை என்னால பாக்க முடியாது."

அப்பா எழுந்து போய்க் கையைக் கழுவினார். ஏற்கெனவே கழுவிய கைதான். சோப்பு போட்டு முழங்கை வரை மறுபடி கழுவினார்.

சின்னவள் அவரிடம் மூன்றாவது கட்டத்தைப் பற்றிச் சொன்னாள். ஒப்புதல் கையெழுத்தைப் பற்றியும் சொன்னாள். இரண்டு வருஷமாகச் சரியாகப் பராமரிக்கவில்லை, அதனால் கிளாம்புகளும் குறுக்குக் கம்பிகளும் தேய்ந்துவிட்டன என்று அதில் இருக்கும்.

"நான் கிரீஸ் போட்டேனே" என்றார் அப்பா. "ஒரு மாசம் விடலையே."

"தெரியும்பா."

"காய்ச்சல்ல கெடந்தப்பகூடப் போய்ப் பாத்துட்டு வந்தேன்."

"தெரியும்."

"இப்ப கையெழுத்து கேக்கறது நீயா, மேடமா?"

இந்த மாதிரிக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு எந்தக் கல்லூரியிலும் கற்றுத் தரவில்லை. அவர் படிக்கவைத்த படிப்புக்கு அவள் திருப்பிக் கொடுக்கிற மரியாதை இதுதானா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. முப்பத்தொரு வருஷம் ஒரு கறுப்புப் புள்ளி இல்லாத பதிவேடு அவருடையது. அவர் படித்ததில்லை, கையெழுத்து மட்டும் போடத் தெரியும். ஆனால் அந்தப் பதிவேட்டில் சிவப்பு மை இல்லை என்பது அவருக்குத் தெரியும். மற்றவர்களுடையதில் இருக்கிறது என்பதும் தெரியும்.

"அங்கயும் ஆறுதானே" என்றார் அப்பா. "அந்தப் பக்கமும் ஜனம் இருக்கும். பாலம் இல்லாம அவங்களும் கரையில நிப்பாங்கதானே."

"இது அவங்களுக்குப் போற பாலம் இல்லப்பா. அவங்களைச் சுடப் போறவனுக்குப் போறது."

அப்பா சாப்பிட உட்கார்ந்தார், பாதியில் எழுந்துவிட்டார். புதன்கிழமை முழுவதும் பாலத்தின் அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு நடந்தார், இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தார். சாயங்காலம் அவளிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, வேலைக்காரர் அதிகாரியிடம் சொல்கிற மாதிரியே சொன்னார்: "பேப்பர்ல எழுதினா மட்டும் ஆகாதுங்க. அவன் தட்டிப் பாத்துட்டுப் போனவன். வெள்ளிக்கிழமை மறுபடி தட்டுவான்."

"அப்ப?"

"கழட்டின பழசெல்லாம் சாமான் ஷெட்டுலதான் கெடக்கு. நான் எதையும் தூக்கிப் போடலை."

வியாழக்கிழமை அதிகாலை மூன்று மணிக்கு அவள் டார்ச்சோடு போனபோது அவர் ஏற்கெனவே கீழே தொங்கிக்கொண்டிருந்தார். பலகைமேல் இரண்டு சாக்கு. ஒன்றில் பதினோரு வருஷமாக அவர் கழற்றிக் கழற்றிச் சேர்த்துவைத்த தேய்ந்த கிளாம்புகள், துருவேறிய குறுக்குக் கம்பிகள். மற்றொன்று காலி. நல்ல கிளாம்பைக் கழற்றுவார், துணியால் ஒரு தடவை துடைப்பார், காலிச் சாக்குக்குள் சத்தம் வராமல் வைப்பார். பிறகு பழசை எடுத்து மாட்டுவார். பழசின் திருகு மரை நன்றாகக் கடிக்காது. இன்னும் கொஞ்சம் முறுக்கலாம் என்று கை கேட்கும். அவர் நிறுத்திக்கொள்வார்.

சின்னவள் மேலே உட்கார்ந்து கணக்குப் போட்டாள். எந்த இடத்தில் எத்தனை மாற்றினால் ஐந்து டன் தாங்கும், ஐந்தரைக்கு ஆட ஆரம்பிக்கும். மூன்று தடவை போட்டாள். ஒன்றில் தப்பு வந்தால் ஆற்றில் விழப்போவது அக்கா மகளாகவும் இருக்கலாம். "பின்னைத் தொடாதீங்க" என்றாள். "பின் எதையும் மாத்த வேணாம். கிளாம்பும் கம்பியும் மட்டும்." அவர் தலையை ஆட்டினார். அது அவருக்குத் தெரியாததா. ஆனாலும் அவள் சொன்னது நல்லதென்று நினைத்தவர் போல ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

முடித்துவிட்டு மேலே வந்தார். அவள் படிவத்தை நீட்டினாள். இப்போது அதில் எழுதியிருந்த அளவுகள் எல்லாம் அவள் கையால் அளந்து எழுதியவை. பாலத்தைப் பற்றி அதில் ஒரு பொய்யும் கிடையாது. பொய் முழுவதும் இரண்டாம் பக்கத்தில் இருந்தது, அப்பாவைப் பற்றி. அவர் பேனாவை வாங்கி, ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் மூச்சு விட்டு, தன் பெயரைப் போட்டார்.

ஏழு பத்து பஸ் வந்தது. அவள் குறுக்கே மூங்கிலைக் கட்டி 'ஐந்து டன்னுக்கு மேல் செல்லக் கூடாது' என்ற பலகையைத் தொங்கவிட்டிருந்தாள். டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "என்னம்மா இது? நேத்து வரைக்கும் நல்லாயிருந்த பாலத்துக்கு ஒரே ராத்திரியில வயசாயிடுச்சா?"

"சோதனை பண்ணினோம். கிளாம்ப் தேஞ்சிருக்கு."

"தேய வுட்டது யாரு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொல்லிவிட்டார். "நான்தாங்க. சரியாப் பாக்கலை."

டிரைவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பதினோரு வருஷமாகத் தினமும் இந்த மனுஷருக்கு ஹாரன் அடித்துவிட்டுப் போகிறவர். "இந்த ஆளையா நம்பி நான் அறுவது பேரை ஏத்திட்டுப் போனேன்?" என்றார். பஸ்ஸிலிருந்த பெண்கள் இறங்கினார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அந்தப் பக்கம் போய் வேறு பஸ் பிடிக்க வேண்டும். ஒருத்தி அப்பாவைக் கடக்கும்போது, "உக்காந்து சம்பளம் வாங்கறது, அப்புறம் பாலம் எப்படி நிக்கும்" என்றாள். அவருக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். இன்னொருத்தி, "பொண்ணு அதிகாரியில்ல, யாரு கேக்கப் போறா" என்றாள். அப்பா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சின்னவள் ஒரு அடி முன்னால் வைத்தாள். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவர்கள் எல்லோரும் இவர் காலில் விழுவார்கள். அந்த ஒரு வார்த்தை மத்தியானத்துக்குள் ஜீப்புக்குப் போய்ச் சேர்ந்துவிடும். வாயை மூடிக்கொண்டாள். உண்மையைச் சொல்லாமலிருப்பது இத்தனை உடல் வலிக்கிற வேலை என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பேக்கிங் ஷெட்டில் அக்காவிடமே ஒருத்தி கேட்டாளாம், உங்கப்பா ஆளு நல்லவருன்னு நினைச்சோமே என்று. அக்கா வந்து சொன்னாள். பெட்டி ஒட்டுகிற பசை விரல்களில் காய்ந்திருந்தது, அதை உரித்துக்கொண்டே, "நான் ஒண்ணும் சொல்லலைப்பா" என்றாள். எப்போதும் வாய்க்கு வாய் பேசுகிறவள். அப்பா "நல்லது" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஜீப் ஆறு மணிக்கெல்லாம் வந்துவிட்டது. கேப்டன் சான்றை வாங்கி ஜீப்பின் முன்பக்கத்தில் விரித்து வைத்துப் படித்தான். முதல் பக்கத்தை ஒரு தடவை. இரண்டாம் பக்கத்தை இரண்டு தடவை. பிறகு அவன் எதுவும் கேட்காமல் கீழே இறங்கினான். அவர்கள் மேலே நின்று கேட்டார்கள். கிளாம்புகள் ஒவ்வொன்றாக முனகின. நடுநடுவே பின் மட்டும் கணீரென்றது. அவன் வெகுநேரம் தட்டினான்.

மேலே ஏறி வந்தபோது அவனுடைய இரண்டு கையிலும் துரு. "செவ்வாய்க்கிழமை இது இப்படி இல்ல" என்றான்.

சின்னவள், "அளவெல்லாம் எழுதியிருக்கேன். நீங்க அளந்து பாக்கலாம்" என்றாள்.

"அளந்தேன். சரியா இருக்கு." அவன் அப்பாவின் பக்கம் திரும்பினான். "நீங்க சொல்லுங்க. செவ்வாய்க்கிழமை நான் பாத்தது என்ன?"

அப்பா நிமிர்ந்து அவனைப் பார்க்கவில்லை. அவன் காலணியைப் பார்த்துச் சொன்னார்: "நீங்க வர்றீங்கன்னு மேலாக்கத் துடைச்சு வச்சேங்க. உள்ள சரியாப் பாக்கலை. ரெண்டு வருஷமா பாக்கலை. என் தப்புதான்."

"என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி ஒவ்வொண்ணா காட்டினீங்க."

"ஆமாங்க."

"பின்னெல்லாம் இன்னும் அப்படியே கணீர்னு இருக்கு. தண்ணி தங்கற எடத்துல இருக்கற பின்கூட. ரெண்டு வருஷம் பாக்காதவன் பாலத்துல அது எப்படி?"

அப்பா சின்னவளைப் பார்த்தார். பின்னைத் தொடாதீங்க என்று சொன்னது அவள்தான். வேறெப்படிச் சொல்லியிருக்க முடியும். அதன்மேல் பிள்ளைகள் நடக்க வேண்டுமே.

கேப்டன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். மூடியைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டான். படிவத்தில் அவன் எழுத வேண்டிய இடம் கடைசியில், இரண்டு வரி. அதை எழுதாமல் கையில் வைத்துக்கொண்டே பாலத்தின் நடுவரைக்கும் நடந்தான். அப்பா ஒரு பேனல் தள்ளி அவன் பின்னால் போனார். கூப்பிடாமலே போனார்.

அப்போது ஏழு பத்து பஸ் வந்து மூங்கிலுக்கு முன்னால் நின்றது. பிள்ளைகள் இறங்கி வரிசையாக நடந்து வந்தார்கள். நேற்றுப் பழகிவிட்டது, இன்று யாரும் முணுமுணுக்கவில்லை. ஒருத்தி மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தாள், ஒருத்தி மற்றவளின் பின்னலைப் பிடித்து இழுத்தாள். வழி சிறியது. கேப்டன் பேனல் ஓரமாக ஒதுங்கி, படிவத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவர்கள் கடந்து போக இடம் விட்டான். பலகைகள் லேசாக அதிர்ந்தன. அந்த அதிர்வில் அப்பாவின் பக்கத்திலிருந்த குறுக்குக் கம்பியின் போல்ட் ஒன்று கொஞ்சமாகக் கழன்று சுழன்றது.

அப்பாவின் வலது கை தானாகப் போனது. இரண்டு விரல் போல்ட்டின் தலையைப் பிடித்துவிட்டன. கேப்டன் பார்த்தான். அப்பா கையை எடுத்தார். முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், இடது கையால் அதன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசிப் பிள்ளை கடந்து போகிற வரைக்கும் அந்த விரல்கள் அவர் முதுகுக்குப் பின்னால் எதையோ வலமாக முறுக்கிக்கொண்டே இருந்தன.